எல்ஈடி மொனிட்டர்னு மட்டும் போட்டு விக்கிறத பத்தி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கெழம விளம்பர பக்கத்துல கொம்பியூட்டர் கடைக்காரங்க விளம்பரம் போடுறாங்கள்ல, அத பத்திதான் இந்த கடிதம். எல்லாத்துலயும் ஒரே கததான், 24 இஞ்ச் எல்ஈடி மொனிட்டர், பக்கத்துல வெல, கீழ போன் நம்பர், முடிஞ்சுது. நான் ஹட்டன் பக்கம் ஒரு கொமியூனிகேஷன் வச்சிருக்கேன், போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன்ல அப்ளிகேஷன் போடுறது, அதோட சேத்து கொம்பியூட்டர் ரிப்பேரும் பாக்குறேன். தோட்டத்து ஆளுக அந்த விளம்பரத்த வெட்டி எடுத்து சட்டப்பையில வச்சிக்கிட்டு வந்து இது நல்லதா தம்பின்னு கேக்குறாங்க. என்னத்த சொல்றது, அந்த துண்ட பாத்து நல்லதுன்னும் சொல்ல முடியாது கெட்டதுன்னும் சொல்ல முடியாது.

மொதல்ல எல்ஈடிங்கிற பேரே பாதிப் பொய்யிங்க. கடையில எல்சிடி பழசு, எல்ஈடி புதுசுன்னு ரெண்டு சாதி மாதிரி பேசுறாங்க. ரெண்டும் ஒண்ணுதான், எல்ஈடி மொனிட்டர்னு விக்கிறதும் எல்சிடி மொனிட்டர்தான். பின்னால வெளிச்சம் குடுக்குற லைட்டுதான் மாறியிருக்கு, முன்ன பென்சில் மொத்தம் கூட இல்லாத ஒல்லியான டியூப் லைட் மாதிரி ஒண்ணு போட்டிருந்தாங்க, சிசிஎப்எல்னு சொல்லுவாங்க, இப்ப அந்த எடத்துல சின்ன சின்ன எல்ஈடி பல்ப வரிசையா பட்டியில ஒட்டியிருக்காங்க. அதனால கரண்ட் கொறையுது, மொனிட்டர் மெலிசாகுது, டியூபுல இருக்குற பாதரசமும் இல்ல, இதெல்லாம் நல்லதுதான், நான் இல்லேங்கல. ஆனா படம் எப்பிடி தெரியும், பக்கத்துல நின்னு பாத்தா கலர் மாறுமா, எழுத்து கூரா இருக்குமா, இதுல ஒண்ணுக்கும் எல்ஈடிங்கிற பேருல பதில் இல்ல. அதுக்கெல்லாம் பதில் முன்னால இருக்குற பெனல்லயும், ரெசலூஷன்லயும், அதாவது திரையில எத்தன புள்ளிங்கிற கணக்குலயும்தான் இருக்கு, அந்த ரெண்டையும்தான் விளம்பரத்துல போடுறதே இல்ல.

பெனல் எப்பிடி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா இந்த வித்தியாசம் தானா வெளங்கும், அதனால கொஞ்சம் சொல்லிட்டு போறேன். பின்னால லைட் எப்பவும் எரிஞ்சிக்கிட்டே இருக்கும், திரை கறுப்பா இருக்கப்பவும் எரியும். அதுக்கு முன்னால போலரைசர்னு ஒரு பிளாஸ்டிக் ஷீட், அப்பறம் ரெண்டு கண்ணாடி, அந்த ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு முடிய விட ஒல்லியான எடவெளியில திரவப் படிகம் (எல்சிடில வர்ற எல்சி இதுதான்), அதுக்கு முன்னால செவப்பு பச்ச நீலம்னு கலர் பில்டர், கடைசியா இன்னொரு போலரைசர். கம்பி போட்ட ரெண்டு ஜன்னல ஒண்ணுக்கு முன்னால ஒண்ணு, ஒண்ணுல கம்பி நெட்டுக்கும் மத்ததுல குறுக்காவும் வச்ச மாதிரி இந்த ரெண்டு போலரைசரையும் வச்சிருப்பாங்க, அதனால நடுவுல ஒண்ணும் இல்லேன்னா வெளிச்சம் வெளிய வரவே வராது. நடுவுல இருக்குற படிகம்தான் வெளிச்சத்த முறுக்கி திருப்பி விட்டு ரெண்டாவது ஷீட்ட தாண்ட வைக்குது. கரண்ட் குடுத்தா படிகம் நிமுந்துக்கும், முறுக்கு போயிடும், அந்த புள்ளி கறுப்பாயிடும். கொறைச்சு குடுத்தா முறுக்கு முழுசா போகாது, கொஞ்சம் வெளிச்சம் வரும். அவ்வளவுதாங்க சூட்சுமம்.

நம்பிக்க இல்லாதவங்க போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் இருந்தா மொனிட்டருக்கு முன்னால புடிச்சி மெதுவா சுத்தி பாருங்க, ஒரு எடத்துக்கு வந்ததும் திரை மொத்தமா இருட்டாகிடும். மொனிட்டர் அணையல, கண்ணாடிதான் வெளிச்சத்த தடுக்குது. கடைக்கு வர்ற பசங்களுக்கு இத காட்டினா அரமணித்தியாலம் அந்த கண்ணாடி திரும்பி வராது.

இந்த திரவப் படிகத்த மொதல்ல கவனிச்சது ஒரு கொம்பியூட்டர்காரன் இல்ல, தாவரம் படிச்ச மனுசன், பிரீட்ரிக் ரைனிட்ஸர்னு, 1888ல பிராக் நகரத்துல. ஒரு பொருள சூடாக்கினா 145 டிகிரியில உருகி கலங்கலா இருக்கு, இன்னும் சூடாக்கினா 178 டிகிரி கிட்ட திடீர்னு தெளிஞ்சிடுது, இது என்னடா ரெண்டு தடவ உருகுதுன்னு கொழம்பி போயி எழுதி வச்சாரு. அதுக்கு பொறகு எம்பது வருசம் கிட்ட ஆகியிருக்கு அமெரிக்காவுல 1968ல அத வச்சி ஒரு திரைய செஞ்சி காட்ட.

இப்ப பெனலுக்கு வாரேன். டிஎன், ஐபிஎஸ், விஏ, இந்த மூணு பேர மட்டும் ஞாபகத்துல வச்சிக்கிட்டா போதும். டிஎன் தான் பழசு, நான் மேல சொன்ன முறுக்கி நிமுர்ற வேல இதோடதுதான், செய்யிறது லேசு, வெலயும் கொறைவு, வேகமும் உண்டு. ஆனா படிகம் கண்ணாடியில இருந்து எழும்பி நிக்கிறதால நேருக்கு நேர் பாக்குறவனுக்கு ஒரு கலரு, மேல இருந்து பாக்குறவனுக்கு ஒரு கலரு, கீழ இருந்து பாத்தா இருட்டான எடமெல்லாம் போட்டோ நெகடிவ் கணக்கா மாறிடும். இத சரி பண்ணத்தான் ஹிட்டாச்சி கம்பெனி 1996ல ஐபிஎஸ் கொண்டு வந்தாங்க. அதுல படிகம் எழும்பாது, கண்ணாடியோட தளத்துலயே படுத்த மேனிக்கு திரும்பும், அதனால எந்த பக்கம் இருந்து பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாது. இருட்டு ரூம்ல கறுப்பு படம் போட்டா மூலையில கொஞ்சம் வெளுப்பா மினுங்கும், அது ஐபிஎஸ்சோட கொணம், ரிப்பேர்னு தூக்கிக்கிட்டு வராதீங்க. விஏ பெனல்ல கறுப்பு நல்ல கறுப்பு, கொன்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், சாதாரணமா ஐபிஎஸ் 1000க்கு 1ன்னா விஏ 3000க்கு 1 வரும், படம் பாக்க அருமை, ஆனா இருட்டான சீன்ல வேகமா ஓடுற உருவத்துக்கு பின்னால ஒரு நெழல் இழுத்துக்கிட்டே வரும். ஓஎல்ஈடின்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், அது வெல நம்ம சங்கதி இல்ல.

டிஎன் பெனல் நம்ம பக்கம் ஏன் பிரச்சனைன்னா நம்ம பள்ளிக்கூடங்க. ஒரு ஆளு நேரா ஒக்காந்து டைப் பண்றதுக்கு டிஎன் போதும், கொற சொல்ல மாட்டேன். ஆனா தோட்டப் பள்ளிக்கூட கொம்பியூட்டர் ரூம்ல ஒரு மொனிட்டர ஒரு புள்ளையா பாக்குது? ஒண்ணு ஒக்காந்திருக்கும், ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு நிக்கும், பின்னால இன்னும் ரெண்டு எட்டிப் பாக்கும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ரிப்பேருக்கு போனப்ப பாத்தேன், டீச்சர் எக்செல்ல மஞ்ச கலர் போட்ட கட்டத்த பாருங்கன்னு சொல்றாங்க, ஒக்காந்திருக்குற புள்ள சரியா தொட்டுக் காட்டுது, பின்னால நிக்கிற புள்ளைங்க எந்த மஞ்சன்னு முழிக்குதுங்க. டீச்சருக்கு கோவம். நான் போயி பின்னால நின்னு பாத்தா எனக்கும் மஞ்ச இல்ல, எல்லாம் வெள்ள. டிஎன் பெனல்ல மேல இருந்து பாத்தா லேசான கலரெல்லாம் வெளுத்து போயிடும். மொனிட்டர பின்பக்கமா சாச்சு வச்சோம், நிக்கிற புள்ளைங்களுக்கு மஞ்ச வந்திச்சு, ஒக்காந்திருந்ததுக்கு கொஞ்சம் இருண்டு போச்சு. வேற வழி இல்ல, இருக்குறத வச்சி சமாளிக்கணும்னா யாரு கூட பேரு நிக்கிறாங்களோ அவங்க பக்கம் சாச்சு வைங்க. ஆனா புதுசா வாங்கிக் குடுக்குறவங்க, பழைய மாணவர் சங்கமோ வெளிநாட்டுல இருக்குற நம்ம சொந்தக்காரங்களோ யாரா இருந்தாலும், பள்ளிக்கூடத்துக்குன்னா ஐபிஎஸ்னு கேட்டு வாங்குங்க. இப்ப புதுசுல வெல வித்தியாசம் பெருசா இல்ல, கேக்கணும் அவ்வளவுதான்.

பழசுல வாங்குறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். வெளிநாட்டு ஒஃபிஸ்கள்ல பாவிச்சு கழிச்ச மொனிட்டர்க நெறைய வருது, வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க, எல்லாம் கறுப்பு, எல்லாம் 24 இஞ்ச். டெல்லுல யூ2412எம் ஒண்ணும் பி2412எச் ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல இருந்தா தூரத்துல இருந்து யாரும் வித்தியாசம் கண்டுபுடிக்க மாட்டாங்க. மொத சொன்னது ஐபிஎஸ், 1920க்கு 1200, ரெண்டாவது டிஎன், 1920க்கு 1080. பின்னால ஸ்டிக்கர்ல மொடல் நம்பர் இருக்கும், போன்ல அடிச்சு பாத்தா பெனல் என்னன்னு நிமிசத்துல வந்திரும். நெட் இல்லாட்டி போட்டோ ஒண்ண திரையில போட்டுட்டு குந்தி ஒக்காந்து கீழ இருந்து அண்ணாந்து பாருங்க, மூஞ்சி எல்லாம் நெகடிவ் ஆனா டிஎன். கடைக்காரரு என்ன இவன் தரையில குந்துறான்னு பாப்பாரு, பாக்கட்டும்.

அடுத்தது ரெசலூஷன். இதுல நம்ம ஆளுக ஏமாறுறத பாத்தா வயிறு எரியுது. எங்க பக்கத்து தோட்டத்துல ஒரு அண்ணன், தீபாவளி அட்வான்ஸ் காச அப்பிடியே கொண்டு போயி ஏ.எல். படிக்கிற மகளுக்கு 27 இஞ்ச் மொனிட்டர் வாங்கிக்கிட்டு வந்தாரு. பெருசா இருந்தா புள்ளைக்கு கண்ணு வலிக்காதுன்னு கடையில சொன்னாங்களாம். காம்பராவுல மேச போட எடமே இவ்வளவுதான், அதுல 27 இஞ்ச வச்சா புள்ள மூக்குக்கு முன்னால திரை. ஒரு வாரத்துல அண்ணே எழுத்தெல்லாம் மங்கலா இருக்குன்னு அந்த புள்ள வந்து சொல்லுது. போயி பாத்தா பெனல்ல பழுது ஒண்ணும் இல்ல, 27 இஞ்ச்ல 1920க்கு 1080 தான் இருக்கு. எல்சிடின்னா புள்ளி எண்ணிக்க பெக்டரியில போட்டதுதான், 1920க்கு 1080ன்னா மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி, ஒவ்வொண்ணுலயும் செவப்பு பச்ச நீலம் மூணு துண்டு. 22 இஞ்ச்லயும் அவ்வளவுதான், 27 இஞ்ச்லயும் அவ்வளவுதான். திரை பெருசாச்சுன்னா புள்ளி பெருசாகும், எண்ணிக்க கூடுறதில்ல. 21.5 இஞ்ச்ல ஒரு இஞ்ச் நீளத்துக்கு 102 புள்ளி, 24ல 92, 27ல 82 தான். படம் பாக்க தூரமா ஒக்காந்தா தெரியாது, கிட்ட ஒக்காந்து தமிழ் டைப் பண்ணினா நல்லா தெரியும். இங்கிலீசு எழுத்த விட நம்ம எழுத்துல சுழி கூட, சின்ன சைஸ்ல ண வுக்கும் ன வுக்கும் உள்ள சுழி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மேல உள்ள புள்ளி பக்கத்து கோட்டோட கலந்து காணாம போகும். பொறப்பு சர்டிபிகட் பேர பாத்து அப்ளிகேஷன் அடிக்கிற எங்க தொழில்ல ஒரு புள்ளி போனா அந்த ஆளு வேற ஆளு. 27 இஞ்ச் வேணும்னா 2560க்கு 1440 உள்ளத வாங்கணும், இல்லாட்டி 22, 24லயே நிக்கிறது புத்தி.

இதோட அந்த வீட்டுல இன்னொரு வேலையும் நடந்திருந்திச்சு. மொனிட்டர்ல எச்டிஎம்ஐ ஓட்ட இருக்கு, கொம்பியூட்டர்லயும் இருக்கு, கடையில குடுத்து விட்டது நீலத் தல விஜிஏ கேபிள். விஜிஏல படம் அனலொக்கா போயி திரும்ப மாத்துறதால கேபிள் மட்டமா இருந்தா எழுத்துக்கு ஓரத்துல நெழல் விழும். எச்டிஎம்ஐ கேபிள் போட்டதும் பாதி மங்கல் அங்கயே போச்சு. விஜிஏ தான் இருக்குன்னா மொனிட்டர்ல ஓட்டோ எட்ஜஸ்ட்னு ஒண்ணு இருக்கும், அமுக்கி விடுங்க. செட்டிங்ல ரெசலூஷன் கொறைச்சு வச்சிருந்தாலும் மங்கும், பள்ளிக்கூடங்கள்ல டிரைவர் சொப்ட்வெயார் போடாம விட்டு பாதி மொனிட்டர் இப்பிடித்தான் கெடக்கு, விண்டோஸ்ல ரெக்கமண்டட்னு காட்டுறத வச்சிட்டா சரி.

பெட்டி மேல அடிச்சிருக்குற பெரிய பெரிய நம்பர பாத்து மயங்க வேணாம். கொன்ட்ராஸ்ட் 1 கோடிக்கு 1ன்னு போட்டிருப்பாங்க, அது டைனமிக், இருட்டு சீன் வந்தா பின்னால உள்ள லைட்டையே கொறைச்சு கணக்கு காட்டுறது, ஒரே படத்துல கறுப்பும் வெள்ளையும் பக்கத்துல இருந்தா அந்த கணக்கு செல்லாது. புள்ளி கலர் மாறுற நேரம் 1 மில்லிசெக்கன்னு போட்டிருக்குறதும் அப்பிடித்தான், கடைசி செட்டிங்ல தள்ளி விட்டு எடுத்த நம்பரு, அந்த செட்டிங்ல வச்சா உருவத்த சுத்தி வெள்ள ஓரம் தெரியும். 60 ஹேர்ட்ஸ்ல, அதாவது செக்கனுக்கு 60 படம் வர்றப்ப, ஒரு படம் நிக்கிற நேரமே 16.7 மில்லிசெக்கன், பாடம் படிக்க, லெட்டர் அடிக்க அது தாராளம். கேம் அடிக்கிற பசங்க 144 ஹேர்ட்ஸ் கேக்கட்டும்.

எங்க பக்கத்து குளிரு மழ பத்தி ஒரு கடைக்காரரும் சொல்ல மாட்டாங்க, கொழும்புல இருந்து வர்ற சாமான் கொழும்பு புத்தியோடதான் வரும். நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம், தை மாசி விடியக்காலைல பனி பூத்து புல்லு வெள்ளையா கெடக்குற ஊரு. குளிர்ல திரவப் படிகம் கெட்டியாகி மெதுவா திரும்பும், அதனால காலைல போட்டதும் மவுஸ் அம்புக்கு பின்னால வாலு இழுக்குற மாதிரி இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரம் ஓடி சூடானா சரியாயிடும். பழைய டியூப் லைட் மொனிட்டர்னா இன்னும் மோசம், மங்கலா செவந்து போயி எரியும், கால்மணி நேரம் கழிச்சுதான் வெளிச்சமே வரும். குளிர விட ஈரம்தான் எதிரி. தென்மேல் பருவம் புடிச்சா ஹட்டன், தலவாக்கல பக்கம் நாள் கணக்குல வெயில் கண்ணுல படாது, செவுத்துல தண்ணி வழியும், அந்த செவுத்தோட ஒட்டி மொனிட்டர வச்சி அது மேல பொலித்தீன் வேற போட்டு மூடி வைக்கிறாங்க. ஈரத்த உள்ள வச்சி கட்டுற வேல அது. துணி போடுங்க, செவுத்த விட்டு ஒரு சாண் தள்ளி வைங்க, லீவுன்னாலும் அப்பப்ப போட்டு ஓட விடுங்க, அந்த சூடே ஈரத்த காய வைக்கும். பழைய மொனிட்டர் வாங்குறப்ப மோந்து பாருங்கன்னு சொன்னா சிரிக்கிறாங்க, உண்மையா சொல்றேன், போலரைசர் ஷீட் பழசாகி ஈரத்துலயும் சூட்டுலயும் கெட்டு போனா வினாகிரி வாசம் அடிக்கும், அந்த வாசம் வந்தா காசு குடுக்காதீங்க.

இடி பத்தி எங்க ஆளுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, சித்திரை ஐப்பசியில பின்னேரம் இடிச்சா பிளக்க மட்டும் கழட்டிட்டு இருந்திடாதீங்க, நெட் கேபிளையும் கழட்டுங்க, இடி ரவுட்டர் வழியா வந்து உள்ள இருக்குற சர்க்கிட் போட்ட எரிச்சிட்டு போகுது. வோல்டேஜ் கொறையுதுன்னு மொனிட்டருக்கு தனியா ஸ்டெபிலைசர் வாங்க வேணாம், பின்னால 100 இருந்து 240 வோல்ட்டுன்னு போட்டிருக்கும்.

திரை இருட்டாயிட்டா ஒடனே செத்துப் போச்சுன்னு தூக்கி போடுறாங்க, அதுவும் காண்ல. ரூம் லைட்ட அணைச்சிட்டு டோர்ச்ச திரைக்கு கிட்ட சாய்வா அடிச்சி பாருங்க, உள்ள லேசா ஐகன் எல்லாம் தெரிஞ்சா பெனல் உயிரோட இருக்கு, பின்னால உள்ள லைட்டுதான் போயிருக்கு, இல்லாட்டி பவர் போட்ல கெபாசிட்டர் ஊதிப் போயிருக்கும், அது கொறைஞ்ச காசு வேல. பழைய டியூப் லைட் மொனிட்டர்ல ஒரு செக்கன் ரெண்டு செக்கன் படம் வந்து அணைஞ்சா அதே பக்கத்து நோய்தான். ஆனா நீங்களா தொறக்காதீங்க, டியூபுக்கு போற வோல்டேஜ் நூத்துக்கணக்குல இருக்கும். கண்ணாடி வெடிச்சு மை கொட்டின மாதிரி இருந்தாத்தான் ரிப்பேர் செலவு வீண். அத காண்ல போடாம மத்திய சுற்றாடல் அதிகாரசபைட்ட லைசன் எடுத்து இலத்திரனியல் கழிவு சேக்குறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட குடுங்க. பழைய டியூபுல பாதரசம், அதுக்கும் முந்தின பெட்டி மொனிட்டர் கண்ணாடியில ஈயம், அந்த காண் தண்ணி கீழ ஓயாவுக்குத்தானே போகுது.

ஆசிரியர் ஐயா, நான் கேக்குறது பெரிய விசயம் இல்ல. அடுத்த தடவ மொனிட்டர் விளம்பரம் கொண்டு வர்றவங்ககிட்ட உங்க விளம்பர பகுதி ஆளுக மூணு கேள்வி கேட்டு ஒரு வரி சேத்து போட சொல்லுங்க: பெனல் என்ன, ரெசலூஷன் என்ன, புதுசா இல்ல பாவிச்சதா. எல்ஈடிங்கிற எழுத்த எடுத்தாலே அந்த வரிக்கு எடம் கெடைக்கும். ஒத்துக்காத கடைக்காரங்க இருந்தா அவங்க ஏன் ஒத்துக்கலன்னு வாங்குறவங்களுக்கே வெளங்கிடும். தோட்டத்துல இருந்து பஸ் புடிச்சி கொழும்புக்கு போயி பெட்டிய தோள்ல தூக்கிக்கிட்டு வர்ற மனுசனுக்கு திருப்பி கொண்டு போயி மாத்துறது லேசான வேல இல்லீங்க.

இப்படிக்கு,
ஹட்டன்ல இருந்து ஒரு கொமியூனிகேஷன் கடைக்காரன்